முள்ளெலி மேயும் பாறைகள்: முட்டம் முதல் கோவளம் வரை பாசி பார்க்கத் தொடங்குவோருக்கு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், குறும்பனை, இனயம் என்று பாறை மண்டிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. தேங்காப்பட்டணத்தைக் கடந்து நீரோடியை நோக்கிப் போகப்போகக் கரை மணலாகிவிட, தூண்டில் வளைவுகளும் கடலரிப்புத் தடுப்புச் சுவர்களுமே பெரும்பாலும் கல்லென்று மிஞ்சுகின்றன. எல்லைக்கு அப்பால் பொழியூரும் பூவாறும் தாண்டி விழிஞ்ஞத்தையும் கோவளத்தையும் நெருங்கும்போது இயற்கைப் பாறை மறுபடி தலைகாட்டுகிறது. 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலத்தில் இருந்த கரை இது. பாறையில் சிப்பி எடுக்கும் தொழில் இன்றும் எல்லையின் இரு பக்கமும் நடக்கிறது.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் இந்தப் பாறைகளுக்கு இறங்கிப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஓரிடத்தில் பாசி அடர்ந்து புரள, அதற்கு இரண்டடி தள்ளி, வழித்தெடுத்தாற்போல் வெறும் பாறை தெரியும். வெளிச்சமும் நீரும் கல்லும் இரண்டிடத்திலும் ஒன்றாக இருக்க, பாசி மட்டும் ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு உலகின் பல கரைகளில் கிடைத்த விடைகளில் முக்கியமானது, உருண்டை உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலி (sea urchin) என்ற விலங்கின் மேய்ச்சல். இக்கட்டுரையில் முள்ளெலி என்பது அதையே குறிக்கும். அதை நம் கரையில் எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பதிவுசெய்வது என்று புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கடற்கரை இளைஞர்களுக்கும் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்: முள்ளெலிகள் எத்தனை இருக்கின்றன என்பதைக் காட்டிலும், அவை குழிக்குள் அடங்கியிருக்கின்றனவா, வெளியே வந்து நடமாடுகின்றனவா என்பதே பாசியின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முதற்படி: நாளும் கடலும்

இக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரையில்போல நீர் வெகுதூரம் உள்வாங்கி நமக்கு வழிவிடாது. ஆகவே அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களையும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களையும் தேர்ந்துகொண்டு, ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றம் அடியெட்டுவதற்கு ஒரு மணிநேரம் முன்பாகவே பாறையில் இருக்க வேண்டும். நீர் ஏறத் தொடங்கியதும் வேலை பாதியில் நின்றாலும் கரையேறிவிட வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களின் கடலில் இந்த வேலைக்கு இடமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, நீர் தெளிந்த பிறகு, புரட்டாசி கடைசியிலிருந்து மாசி வரை பார்ப்பதே நல்லது. பாசியும் அப்போதுதான் செழித்திருக்கும். சித்திரை, வைகாசியில் கடல் அமைதியாகத் தோன்றினாலும் கள்ளக்கடல் வரக்கூடும் என்பதை மறக்கலாகாது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயலில் பிறந்த அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் திடீரென்று பாறையின் மேலேறி ஆளை இழுத்துச் சென்றுவிடும். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான முன்னறிவிப்பைத் தருகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் எவ்வளவு ஆசை இருந்தாலும் இறங்கக் கூடாது. தனியாகப் போகாமல், ஒருவர் குனிந்து எண்ணும்போது மற்றவர் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் அடியுள்ள பிடிமானமான காலணி கட்டாயம். முள் தைத்துவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரைமணிக்கு மேல் வைத்திருந்து, மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே ஒடிந்த முள்ளைத் தோண்டி எடுக்க முயன்றால் புண் பெரிதாகும்.

இரண்டாம் படி: விலங்கை அறிதல்

முள்ளெலியின் வாய் அடிப்பக்கத்தில், பாறையைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்குள் ஐந்து தாடைகளும் ஐந்து பற்களும் கொண்ட ஒரு கூடு இருக்கிறது. அதை அரிஸ்டாட்டிலின் விளக்கு என்று விலங்கியலார் அழைக்கிறார்கள். பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பதோடு, தேயும் விதத்திலேயே கூர்மையும் பெறுகின்றன. அதனால்தான் அவற்றால் பாசியைக் கத்தரிக்கவும், பாறையின் மேற்பரப்பையே சுரண்டி எடுக்கவும் முடிகிறது. முட்களுக்கு இடையே நூல்போல் நீளும் குழாய்க் கால்கள் நடக்கவும் பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன.

இதை நேரில் காண ஒரு எளிய வழி உண்டு. பாறைக் குட்டையில் அமைதியாக இருக்கும் ஒரு முள்ளெலியின் மேல், அருகில் அறுந்து மிதக்கும் பச்சைப் பாசியில் விரலளவு துண்டை மெல்லப் போடுங்கள். முதலில் அந்தப் பக்கத்து முட்கள் துண்டை நோக்கிச் சாயும். பிறகு குழாய்க் கால்கள் ஒவ்வொன்றாக நீண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் துண்டு ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குக் கைமாறி, உடலின் விளிம்பைச் சுற்றிக் கீழே இறங்கி, வாயிருக்கும் பக்கம் மறையும். பொறுமையோடு பார்த்தவருக்கு, இந்த விலங்கு இடத்தைவிட்டு அசையாமலே உணவு பெறும் வழி விளங்கிவிடும். பின்னால் வரும் படிகளுக்கு இந்தக் காட்சியே அடிப்படை என்பதால், இதைப் பார்க்காமல் எண்ணத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நம் தென்மேற்குக் கரைப் பாறைகளில் கருமையான, தடித்த முட்களில் கரும்பச்சையும் ஊதாவும் மின்னும் முள்ளெலியைக் கண்டால் அது ஸ்டோமோப்நியூஸ்டெஸ் வேரியோலாரிஸ். பாறைப் பிளவுகளிலும், உடலுக்கு அளவெடுத்தாற்போன்ற குழிகளிலும் அது பதிந்திருக்கும். மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு போன்ற பவளப்பாறைப் பகுதிகளுக்குப் போகிறவர்கள், முட்களின் அடியில் வெளிர் வளையம் உள்ள எக்கினோமெட்ரா மத்தேயியையும், மிக நீண்ட மெல்லிய முட்களும் மேற்புறம் ஐந்து வெண்புள்ளிகளும் உள்ள டயடிமா செட்டோசத்தையும் காணலாம். டயடிமாவின் முள்ளில் நஞ்சு உண்டு. அதன் அருகில் கை வைக்கவே கூடாது. எந்த முள்ளெலியையும் குழியிலிருந்து பெயர்த்தெடுக்காதீர்கள். பெயர்க்கும்போது குழாய்க் கால்கள் அறுந்துபோகும், விடப்பட்ட இடத்தில் அலை அதை அடித்துச் சென்றுவிடும்.

மூன்றாம் படி: பாசியை வகைபிரித்தல்

இனப்பெயர் தெரியாமல் இந்த வேலை ஆகாது என்று பலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. ஐந்து வகைகளாகப் பிரிக்கத் தெரிந்தால் தொடங்கப் போதும். முதல் வகை, இலைபோல் மெலிதாக விரியும் பச்சைப் பாசி. உல்வா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவது, ஒரு விரற்கடை உயரம்கூட இல்லாமல் பாறையைப் போர்த்தியிருக்கும் குறும்பாசி. மூன்றாவது, கிளைத்து வளரும் செம்பாசிகள். கஞ்சிப்பாசியின் உறவான கிராசிலேரியா கார்டிகேட்டாவை இக்கரைப் பாறைகளில் எளிதாகக் காணலாம். நான்காவது, கட்டக்கோரை என்று மன்னார் வளைகுடாப் பக்கம் சொல்லப்படும் சர்காசம் முதலான பெரிய பழுப்புப் பாசிகள். ஐந்தாவது வகையைப் புதியவர்கள் பாசியென்றே எண்ணமாட்டார்கள்: பாறையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோல் கடினமாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் பாசி.

இந்த ஐந்தாவது வகைக்குத் தனிக் கவனம் கொடுங்கள். மற்ற பாசிகள் எல்லாம் தின்னப்பட்ட இடத்திலும் இது எஞ்சி நிற்கும். சொல்லப்போனால், மேல்வந்து மூடும் பிற பாசிகளை முள்ளெலி மேய்ந்துவிடுவதால் இதற்கு நன்மையே. மேலும், நீரில் மிதந்து திரியும் முள்ளெலிக் குஞ்சுகள் பல இனங்களில் இச்சுண்ணாம்புப் பாசியின் மேற்பரப்பை உணர்ந்து அங்கே இறங்கி உருமாறுகின்றன. ஆகவே மேய்ந்த இடம் அடுத்த தலைமுறை முள்ளெலிக்கும் வாசலாகிறது. வெறும்பாறை என்று நீங்கள் குறித்துக்கொண்ட இடத்தைக் கைக்கண்ணாடி வைத்து மறுபடி பாருங்கள். பாதிக்கு மேல் இளஞ்சிவப்பாக இருந்தால் அதை வெறும்பாறைக் கணக்கில் சேர்க்கலாகாது.

விருப்பும் வெறுப்பும் முள்ளெலிக்கு உண்டு. மென்மையான, வேகமாக வளரும் பச்சைப் பாசியை முதலில் தீர்க்கும். சுண்ணாம்பேறிய ஹாலிமெடா போன்றவற்றையும், கசப்பான பாலிபீனால்கள் நிறைந்த பழுப்புப் பாசிகள் சிலவற்றையும் வேறு வழியில்லாதபோதுதான் தொடும். எந்தப் பாசி மிஞ்சியிருக்கிறது என்பதும் மேய்ச்சலின் அளவைச் சொல்லும் சான்றுதான்.

நான்காம் படி: தடயம் தேடுதல்

எண்ணுவதற்கு முன் தடயங்களைத் தேடுங்கள். சுண்ணாம்புப் பாசியின் மேல், ஐந்து கீறல்கள் ஒரு மையத்தில் கூடும் நட்சத்திர வடிவம் தெரிகிறதா என்று சாய்ந்த வெயிலில் பாருங்கள். அது ஐந்து பற்களும் ஒருமுறை சேர்ந்து மூடியதன் அச்சு. இதே வடிவம் புதைபடிவச் சிப்பிகளின் மேலும் கிடைத்திருப்பதால், மிகப் பழைய கடல்களிலும் முள்ளெலிகள் மேய்ந்ததை அறிய முடிகிறது. கல்நத்தைகள் சுரண்டிய இடத்தில் இந்த ஐந்து கதிர்கள் இருக்காது. சிறுசிறு இணைகோடுகளே இருக்கும்.

அடுத்ததாகக் குழியைச் சுற்றிப் பாருங்கள். குழிக்குள் முள்ளெலி இருந்து, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பாசியற்ற வளையமும், வளையத்துக்கு வெளியே அடர்ந்த பாசியும் இருந்தால், அது குழியைவிட்டுக் குறுகிய தூரமே வந்து மேய்ந்து திரும்புகிறது என்று கொள்ளலாம். குழியைச் சுற்றி வளையமே இல்லாமல் பாசி விளிம்பு வரை வந்திருந்து, முட்களின் மேல் அறுந்த சர்காசத் துண்டுகள் தங்கியிருந்தால், அலை கொண்டுவருவதை உண்டு அது அடங்கியிருக்கிறது. குழிகள் காலியாகவும், முள்ளெலிகள் திறந்த பாறையில் வரிசையாகப் பாசியின் விளிம்பை நெருக்கிக்கொண்டும் இருந்தால், அங்கே பாசி பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிவதே இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. ஒரு சதுர மீட்டரில் இருபது முள்ளெலிகள் குழிக்குள் அடங்கி இருக்கும் இடத்தில் பாசி செழிக்கலாம். ஐந்தே முள்ளெலிகள் பசியோடு நடமாடும் இடத்தில் அது அழியலாம். மிதந்து வரும் பாசி போதிய அளவு இருக்கும்வரை வெளியே வந்து, தன்னைத் தின்னும் விலங்குகளுக்கும் அலைக்கும் அஞ்ச வேண்டிய தேவை முள்ளெலிக்கு இல்லை. அந்த வரத்து குறைந்தால்தான் வெளியேறுகிறது. பல இனங்கள் இரவில் அதிகம் நடமாடுவதால், பகலில் குழிக்குள் கண்டதை வைத்து அது வெளியே வருவதே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வளையத்தின் அகலம்தான் இரவின் கணக்கைக் காட்டும்.

ஐந்தாம் படி: சட்டம் வைத்து எண்ணுதல்

பி.வி.சி. குழாயில் உட்புறம் 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் செய்து, 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தூண்டில் நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் 4 விழுக்காடு. எந்தெந்தக் கட்டத்தில் எந்த வகைப் பாசி பெரும்பான்மை என்று குறித்தால் பரப்புக் கணக்கு வந்துவிடும். சட்டத்துக்குள் உள்ள முள்ளெலிகளை எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எண்ணிக்கை. அத்துடன் ஒவ்வொரு முள்ளெலிக்கும் எதிரே குழிக்குள், குழி விளிம்பில், திறந்த பாறையில் என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். வளையம் இருந்தால் அதன் அகலத்தை அளவுகோல் வைத்து எழுதுங்கள்.

பாசி அழகாக இருக்கும் இடத்தைப் பார்த்துச் சட்டத்தை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடாமல், பாறையில் பத்து மீட்டர் கயிற்றை நீட்டி, மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். சட்டம் முழுவதும் தெரியும்படி நேர்மேலிருந்து ஒரு படமும், பின்னால் அடையாளம் காணத்தக்க பாறை முனையோடு ஒரு படமும் எடுங்கள். நனைந்தாலும் அழியாதபடி பென்சிலால் எழுதுவது நல்லது.

ஆறாம் படி: முள்ளெலி செய்யாததை விலக்குதல்

வெறும்பாறையைக் கண்டதும் முள்ளெலியின் மேல் பழிபோடுவது புதியவர்களின் இயல்பு. இக்கரையில் அதைவிட வலிய காரணங்கள் பல உண்டு. சிப்பி எடுப்பவர்கள் பாறையைச் சுரண்டும்போது சிப்பியோடு பாசியும் போய், கூரிய விளிம்புள்ள வெற்றிடம் உண்டாகிறது. ஆகவே சட்டத்தை எடுப்பதற்கு முன், அந்தப் பாரில் (நீரடிப் பாறையில்) கடைசியாக எப்போது சிப்பி எடுத்தார்கள் என்று அவ்வூர்ப் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீரடிப் பாறைகளின் பெயர், ஆழம், அங்கே எந்தக் காலத்தில் என்ன வளரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் அளக்கவிருப்பதில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். கூடவே, முள்ளெலியை உண்ணும் கிளாத்தியும் பேத்தையும் கல் இறாலும் அங்கே முன்பு எப்படி, இப்போது எப்படி என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பருவக்காற்றுக் காலத்தில் அலையோடு வரும் மணல் பாறையின் அடிப்பகுதியைத் தேய்த்துப் பாசியை உரித்துவிடும். அது தரையை ஒட்டி ஒரே மட்டத்தில் பட்டையாகத் தெரியும். அலை நேரடியாக மோதும் முகப்பில் முள்ளெலியால் வெளியே வந்து மேய முடியாது. அங்கே சீட்டோமார்பா போன்ற, அலையைத் தாங்கும் முரட்டுப் பச்சைப் பாசிக் கொத்துகள் நிற்கும். பொழிமுகங்களின் அருகே நிலைமை வேறு. வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணம் பக்கமும், குழித்துறை ஆறு சேரும் தேங்காப்பட்டணம் பக்கமும் மழைக்காலத்தில் நன்னீர் பெருகும்போது, உப்புக் குறைந்த நீரைத் தாங்காத முட்தோலிகளால் (முள்ளெலி சேர்ந்த விலங்குக் கூட்டம்) அங்கே நிலைத்திருக்க இயலாது. எனவே பொழிக்கு அருகில் முள்ளெலி இல்லாமல் பாசி செழித்திருப்பதைக் கண்டு, முள்ளெலி இல்லாததால்தான் பாசி செழித்தது என்று எழுதிவிடக் கூடாது. ஆற்றுநீர் தரும் சத்தும் அங்கே சேர்ந்திருக்கிறது.

ஏழாம் படி: பிற கரைகளின் அனுபவத்தை அளவோடு கொள்ளுதல்

அயர்லாந்தின் லாக் ஹைன் என்ற கடலேரியில் கிச்சிங், எப்லிங் என்ற இருவர் முள்ளெலிகளை அகற்றிப் பார்த்து, அந்த இடத்தில் பாசி எழுந்ததை 1961-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் கரையில் ராபர்ட் பெய்னும் ராபர்ட் வாடாசும் செய்த ஆய்வு 1969-இல் வந்தது. முள்ளெலிகளை நீக்கியதும் முதலில் பலவகைப் பாசிகள் முளைத்தன. ஆனால் நாளாக நாளாக ஓரிரு பெரும்பாசிகள் மற்றவற்றை மறைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. மேய்ச்சல் மிகுந்தாலும் வகை குறையும், அறவே இல்லாவிட்டாலும் வகை குறையும், இடைப்பட்ட அளவில்தான் பலவும் சேர்ந்து வாழும் என்ற கருத்துக்கு இது வலுவான சான்று. முள்ளெலியைப் பாசியின் பகைவனாகவே பார்க்கிறவர்கள் இந்த ஆய்வைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில், முள்ளெலியை உண்ணும் கடல் நீர்நாய்கள் இருந்த தீவுகளைச் சுற்றிக் கெல்ப் என்னும் பெரும் பழுப்புப் பாசியின் காடுகளும், வேட்டையால் அவை அற்றுப்போன தீவுகளைச் சுற்றி, முள்ளெலி மேய்ந்து பாசியற்றுப்போன தரிசுகளும் இருந்ததை எஸ்டெஸ், பால்மிசானோ இருவரும் 1974-இல் எழுதினார்கள். கரீபியனில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1983-இல் பனாமாக் கரையில் தொடங்கிய நோய் ஏறத்தாழ ஓராண்டுக்குள் அக்கடலெங்கும் பரவி, டயடிமா முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மடிந்தபோது, பல பவளத்திட்டுகளைப் பாசி மூடிவிட்டது. தரிசான இடம் எளிதில் மீள்வதில்லை என்பதும் பல கடல்களில் தெரியவந்திருக்கிறது. உணவு தீர்ந்த பின்னும் முள்ளெலிகள் உடலைச் சுருக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்து, முளைக்கும் ஒவ்வொரு தளிரையும் தின்றுவிடுகின்றன. தரிசை உண்டாக்கத் தேவைப்பட்ட எண்ணிக்கையைவிட, அதைத் தரிசாகவே வைத்திருக்கத் தேவைப்படும் எண்ணிக்கை மிகக் குறைவு.

இவற்றை அப்படியே நம் கரைக்குப் பொருத்த வேண்டாம். கெல்ப் குளிர்கடலின் பாசி. நம் வெப்பக் கடலில் அதன் இடத்தில் பருவத்துக்குப் பருவம் எழுந்து அழியும் சர்காசமும் குறும்பாசியுமே உள்ளன. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்று பாறையைத் துடைத்துப் புதுக்கணக்குத் தொடங்கி வைக்கிறது. ஓரா போன்ற தாவர உண்ணி மீன்களும் இங்கே சேர்ந்து மேய்கின்றன. எனவே நம் கரையில் கேட்க வேண்டிய கேள்வி, பருவமழைக்குப் பின் எழும் பாசியில் முள்ளெலி எதை வளரவிடுகிறது, எதைத் தளிரிலேயே தீர்க்கிறது என்பதாகும்.

எட்டாம் படி: சிறு சோதனை

ஒரு பருவம் முழுவதும் எண்ணிப் பழகியபின், அக்கேள்விக்கு விடை தேடச் சிறு கூண்டுச் சோதனை செய்யலாம். ஊர்க் கமிட்டி அல்லது பங்குப் பேரவையிடமும், அந்தந்த மாநில மீன்வளத் துறையிடமும் முன்கூட்டி எழுத்தில் அனுமதி பெறுங்கள். எல்லைக்கு இப்பால் கிடைத்த அனுமதி அப்பால் செல்லாது. அலை மோதாத பாறைக் குட்டையில், 30 சென்டிமீட்டர் சதுரத்தில் துருப்பிடிக்காத கம்பிவலைக் கூண்டு ஒன்று, பக்கங்கள் திறந்து கூரை மட்டும் உள்ள கூண்டு ஒன்று, எதுவும் வைக்காமல் மூலைகளில் மட்டும் குறியிட்ட இடம் ஒன்று என மூன்றும் சேர்ந்தது ஒரு தொகுதி. இரண்டாவது கூண்டு இல்லாவிட்டால், பாசி வளர்ந்தது முள்ளெலி வராததாலா, வலையின் நிழலாலும் நீரோட்டம் தணிந்ததாலுமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறைந்தது ஐந்து தொகுதிகளாவது வேண்டும்; ஒரே தொகுதியில் கண்டதை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

கூண்டு மீனையும் தடுக்கும் என்பதால், முள்ளெலியின் பங்கைத் தனியாகக் காண விரும்புவோர் கூண்டுக்குப் பதிலாக விரலளவு உயரமுள்ள வேலியை மட்டும் அமைத்து, மேற்புறத்தைத் திறந்துவிடலாம். வேலிக்கு உள்ளே முள்ளெலி இல்லாத இடமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அமாவாசை பௌர்ணமி வற்றத்தில், வலையில் படிந்த பாசியைத் துலக்கி, அதே சட்ட முறையில் பரப்பைக் குறியுங்கள். முதலில் வழவழப்பான பழுப்புப் படலமும், அடுத்துப் பச்சைப் பாசியும், பிறகு கிளைத்த செம்பாசிகளும் வருகின்றனவா என்ற வரிசையை நாளிட்டு எழுதுங்கள். மாசி முடிவதற்குள் கம்பி, ஆணி, குறியிட்ட வண்ணம் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். பாறையில் விட்ட ஓர் ஆணி அடுத்த பருவத்தில் சிப்பி எடுக்க இறங்குபவரின் காலைக் கிழிக்கும். பதிவேட்டின் ஒரு படியை அனுமதி தந்த ஊரிலும், மற்றொன்றை விழிஞ்ஞத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலோ அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையிலோ கொடுத்துவைத்தால், அடுத்த ஆண்டு புரட்டாசியில் அதே பாறையில் வேறொருவர் சட்டம் வைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.